மூன்றாம் தாமதம்



மருத்துவமனை நிர்வாகம் என்று அழைப்பிதழில் பார்த்ததும் கட்டடம், படுக்கை எண்ணிக்கை, நிதி ஒதுக்கீடு பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் நேரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நோயாளி மருத்துவமனை வாசலுக்குள் வந்த நிமிடம் ஒன்று. அவருக்கு வேண்டிய சிகிச்சை தொடங்குகிற நிமிடம் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் போகிற நேரத்துக்கு யார் பொறுப்பு? அரசுப் பணியில் மருத்துவராகவும் பிறகு கண்காணிப்பாளராகவும் இருந்தவன் என்ற முறையில் என் பதில்: அந்த நேரம் முழுவதற்கும் நிர்வாகமே பொறுப்பு.

1992ஆம் ஆண்டு ஜூலை மாதம் மேற்கு வங்கத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து தவறி விழுந்தார். தலையில் பலத்த அடி, மூளையில் ரத்தக்கசிவு. பக்கத்தில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைப் பார்க்க வசதி இல்லை, மேலே அனுப்பினார்கள். அங்கிருந்தும் அனுப்பினார்கள். கல்கத்தாவுக்கு வந்த பிறகு பெரிய அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகக் கொண்டுபோனார்கள். ஓரிடத்தில் படுக்கை காலி இல்லை. இன்னோரிடத்தில் அந்தச் சிகிச்சைக்கு வசதி இல்லை. கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்துக் காப்பாற்றினார்கள். அவர் சார்ந்திருந்த விவசாயத் தொழிலாளர் சங்கம் வழக்கை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிற்று. 1996இல் தீர்ப்பு வந்தது. அவசரச் சிகிச்சை தர மறுப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும், நிதி இல்லை என்ற காரணத்தைச் சொல்லி அரசு இந்தக் கடமையிலிருந்து விலக முடியாது என்றது நீதிமன்றம்.

இந்தத் தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் உரிமைக்காகப் படிக்கிறார்கள். மருத்துவ மாணவர்கள் அதன் பிற்பகுதியைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். எந்த மருத்துவமனையில் படுக்கை காலியாக இருக்கிறது என்பதை உடனே தெரிந்துகொண்டு நோயாளியை நேராக அங்கே அனுப்புவதற்கு ஒரு மையத் தகவல் தொடர்பு ஏற்பாடு வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலுதவி செய்து நிலைப்படுத்த வசதி வேண்டும், ஆம்புலன்ஸ் வேண்டும் என்றும் இருக்கிறது. ஒவ்வொரு வாசலிலும் நின்ற டியூட்டி டாக்டர் சொன்ன பதிலைத் தனியாக எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் உண்மையாகவே இருந்திருக்கும்: படுக்கை இல்லைதான், ஸ்கேன் இல்லைதான். ஆனால் அத்தனை உண்மைகளும் சேர்ந்து ஒரு மனிதரைச் சாவின் வாயிலுக்குக் கொண்டுபோயின. அந்த உண்மைகளை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டிய நாற்காலி ஒன்று இருந்திருக்க வேண்டும். அது காலியாக இருந்தது.

1994இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செரீன் தடேயஸ், டெபரா மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பேறுகால மரணங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு தாய் இறப்பதற்குள் மூன்று தாமதங்கள் நிகழ்கின்றன என்றார்கள். மருத்துவமனைக்குப் போகலாமா என்று வீட்டில் முடிவெடுப்பதில் ஏற்படும் தாமதம் முதலாவது. புறப்பட்ட பிறகு வண்டி கிடைத்து வந்து சேர்வதில் ஏற்படுவது இரண்டாவது. வந்து சேர்ந்த பிறகு, அந்தக் கட்டடத்துக்குள்ளேயே, தகுந்த சிகிச்சை கிடைப்பதில் ஏற்படுவது மூன்றாவது. பேறுகாலத்துக்காகச் சொன்ன இந்தப் பகுப்பு மாரடைப்புக்கும் பொருந்தும், பாம்புக்கடிக்கும் பொருந்தும், சாலை விபத்துக்கும் பொருந்தும்.

தமிழ்நாட்டில் முதல் இரண்டு தாமதங்களையும் நாம் பெருமளவு குறைத்திருக்கிறோம். கிராம சுகாதார செவிலியர்கள் வீடு வீடாக ஏறி இறங்கியதன் பலனாக, இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வண்டிகள் ஓடத் தொடங்கின. ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2001-03இல் 134 ஆக இருந்த பேறுகால மரணம் 2018-20இல் 54 ஆகக் குறைந்தது. அதே 2018-20இல் இந்தியச் சராசரி 97. இந்தச் சாதனையில் பங்குள்ள பலர் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களை வணங்குகிறேன். இனி மிச்சமிருக்கும் மரணங்களைக் குறைப்பதற்கு நாம் வேலை செய்ய வேண்டிய இடம் பெரும்பாலும் நம் கட்டடங்களுக்குள்தான்.

மூன்றாம் தாமதம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நள்ளிரவு. பிரசவமான பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ரத்தம் வேண்டும். கோரிக்கைப் படிவத்தில் டியூட்டி டாக்டர் கையெழுத்து வேண்டும். அவர் தியேட்டரில் இன்னொரு சிசேரியனில் இருக்கிறார். படிவம் தயாரானதும் ரத்த மாதிரியை எடுத்துக்கொண்டு போக ஆள் வேண்டும். வார்டு உதவியாளர் ஒருவர்தான். அவர் ஸ்ட்ரெச்சர் தள்ளப் போயிருக்கிறார். மாதிரிக் குப்பியைக் கணவன் கையில் கொடுக்கிறார்கள். ரத்த வங்கி எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பலகை எங்கோ இருட்டில் இருக்கிறது. விசாரித்துப் போய்ச் சேர்ந்தால், படிவத்தில் ஒரு கட்டம் நிரப்பவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். இந்தக் கதையில் சோம்பேறி யாரும் இல்லை. செவிலியர் ஓடிக்கொண்டே இருக்கிறார், டாக்டர் அறுவைசிகிச்சை செய்துகொண்டே இருக்கிறார், ரத்த வங்கித் தொழில்நுட்பர் விதிப்படி நடக்கிறார். முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. ரத்தப்போக்கில் முக்கால் மணி நேரம் என்றால் என்ன என்று மகப்பேறு மருத்துவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் என்ன நடக்கும்? பழைய பழக்கப்படி யாராவது ஒருவருக்கு விளக்கம் கேட்டு மெமோ போகும். அந்தச் செவிலியர் வேறு ஊருக்கு மாற்றப்படுவார். படிவம் அப்படியே இருக்கும், பலகை அப்படியே இருக்கும், உதவியாளர் ஒருவராகவே இருப்பார்.

இதை மாற்றிக் காட்டியதுதான் தமிழ்நாட்டின் பேறுகால மரணத் தணிக்கை. 1990களின் நடுவிலிருந்து படிப்படியாக அது வளர்ந்தது. எந்த மருத்துவமனையில் ஒரு தாய் இறந்தாலும் 24 மணி நேரத்துக்குள் மேலே தெரிவிக்க வேண்டும். மருத்துவமனைக்குள் ஒரு விசாரணை. இறந்தவரின் வீட்டுக்கே போய் நடந்ததைக் கேட்டு எழுதுவது இன்னொன்று. பிறகு மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூட்டம். குடும்பத்தாரும் வந்து சொல்லலாம். தண்டனைக்கு ஆள் தேடாமல், எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் போயிற்று என்று கண்டுபிடிப்பதே அதன் நோக்கம். பிரிட்டனில் 1952 முதல் இதே மனநிலையோடு ரகசிய விசாரணைகள் நடந்துவருகின்றன. நம் தணிக்கைகளில் திரும்பத் திரும்ப வந்த பதில்களைப் பார்த்துத்தான் 24 மணி நேரமும் மகப்பேறு மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும் ரத்தமும் இருக்கிற சீமாங்க் மையங்கள் மாவட்டங்கள் தோறும் வந்தன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் முறை வைத்து மூன்று செவிலியர்கள் வந்தார்கள். மரணத்தைப் பற்றிய உண்மை மேலே போயிற்று. பணியிடமும் கருவியும் கீழே வந்தன.

இந்த முறையில் குறைகள் உண்டு. கூட்டத்தில் திட்டு வாங்க வேண்டியிருக்கும் என்ற பயத்தில் சில மருத்துவமனைகள் ஆபத்தான நிலையில் இருப்பவரைக் கடைசி நேரத்தில் வேறிடத்துக்கு அனுப்பிவிடுகின்றன. அந்த மரணம் அடுத்த மருத்துவமனையின் கணக்கில் விழும். தணிக்கைக் கூட்டத்தை நடத்துபவர் குரலை உயர்த்தினால் மறுமாதத்திலிருந்து உண்மை வராது. இதை ஆட்சியர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது மருந்து. டாக்டர் பார்த்து எழுதிக்கொடுத்த பிறகு மருந்து இல்லை என்றால் அதுவும் மூன்றாம் தாமதம்தான். 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துக் கொள்முதல் சீர்கெட்டுக் கிடந்தது. முறைகேட்டுப் புகார்கள் நாடு முழுக்கப் பேசப்பட்டன. அந்தச் சீர்கேட்டின் மேல்தான் 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவ சேவைகள் கழகம் நிறுவப்பட்டது. 1995 ஜனவரியில் மருந்து வழங்கத் தொடங்கியது. அதை உருவாக்கியதில் ஆர். பூரணலிங்கம் என்ற ஆட்சிப்பணி அதிகாரியின் பங்கு பெரிது.

விலைப்புள்ளி இரண்டு உறைகளில் வர வேண்டும். தொழில்நுட்பத் தகுதி உள்ள உறையை முதலில் பிரிப்பார்கள். அதில் தேறியவரின் விலை உறையை மட்டுமே பிறகு பிரிப்பார்கள். இடைத்தரகருக்கு இடமில்லை, தயாரிப்பாளரிடமிருந்து நேரடிக் கொள்முதல். மருந்து மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, சங்கேத எண் கொடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறிய பிறகுதான் கிடங்கிலிருந்து வெளியே போகும். மாத்திரைகள் தகரடப்பாவில் கொட்டி வந்த காலம் போய், அரசு முத்திரையும் 'விற்பனைக்கு அல்ல' என்ற எழுத்தும் உள்ள பட்டைகளில் வந்தன. இவற்றையெல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள். என்னை மிகவும் கவர்ந்தது பாஸ்புக்.

ஒவ்வொரு மருத்துவமனைக்கும், ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக். அந்த ஆண்டுக்கு அவர்களுக்கு எத்தனை ரூபாய் மருந்து என்று அதில் எழுதியிருக்கும். மருத்துவ அலுவலர் தன் நோயாளிகளுக்கு எது வேண்டுமோ அதைக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்; எடுத்ததன் மதிப்பு பாஸ்புக்கில் பதிவாகும். அதற்கு முன்பு மேலிருந்து வந்ததை வாங்கி அலமாரியில் அடுக்குவதுதான் வழக்கம். வயல்வெளி சூழ்ந்த நிலையத்துக்குப் பாம்புக்கடி விஷமுறிவு மருந்து அதிகம் வேண்டும். நகரத்து நிலையத்துக்குச் சர்க்கரை மாத்திரை அதிகம் வேண்டும். சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாது, அங்கே இருக்கிற டாக்டருக்குத் தெரியும். விலை பேசும் அதிகாரத்தை ஒரே இடத்தில் குவித்தார்கள். எது வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை நோயாளிக்கு மிக அருகில் இருப்பவரிடம் கொடுத்தார்கள். திடீர்த் தேவைக்கு உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ள ஒரு சிறு பங்கையும் ஒதுக்கினார்கள். கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன. நம் மருத்துவமனைகளின் மற்ற வேலைகளையும் இதே கண்ணோடு பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம். பழுதான விளக்கை மாற்றவும், ஸ்ட்ரெச்சர் சக்கரத்தைச் சரிசெய்யவும் பொதுப்பணித் துறைக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கிற கண்காணிப்பாளருக்கு ஒரு பாஸ்புக் கொடுத்தால் என்ன? நோயாளர் நலச் சங்கங்களில் கொஞ்சம் பணம் இருக்கிறது. ஆனால் அதைச் செலவழித்தால் தணிக்கைக் குறிப்பு வருமோ என்ற பயத்தில் அது வங்கியிலேயே கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கணக்குப் பிரிவின் மேசையும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். 2017 ஆகஸ்டில் கோரக்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆக்சிஜன் வழங்கல் தடைபட்டது. வழங்கிய நிறுவனத்துக்குப் பணம் பாக்கி இருந்தது. பாக்கியைக் கேட்டுக் கடிதங்கள் வந்திருந்தன. அந்த நாட்களில் அங்கே இறந்த குழந்தைகளின் மரணத்துக்கு அதுவே காரணமா என்பதில் அரசு வேறு விளக்கம் தந்தது. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆக்சிஜன் பில் நிலுவையில் இருக்கிறது என்ற செய்தி, ஒரு நோயாளியின் ரத்த அழுத்தம் இறங்குகிறது என்ற செய்திக்கு ஈடான வேகத்தில் கண்காணிப்பாளர் காதுக்குப் போக வேண்டும். நம் மருத்துவமனைகளில் அதற்கு வழி இருக்கிறதா?

காவல் துறை நடைமுறையால் ஏற்பட்ட தாமதத்தையும் சொல்ல வேண்டும். ஸ்கூட்டரில் போன ஒருவர் கார் மோதி அடிபட்டார். அருகிலிருந்த மருத்துவமனை, மருத்துவச் சட்ட வழக்குகளைப் பார்க்க அனுமதி பெற்ற வேறொரு மருத்துவமனைக்குப் போகச் சொன்னது. அது 20 கிலோமீட்டர் தூரம். வழியிலேயே உயிர் போயிற்று. இந்தப் பத்திரிகைச் செய்தியின் மேல் தொடுக்கப்பட்ட பரமானந்த் கட்டாரா வழக்கில், உயிரைக் காப்பதே முதல் கடமை, சட்ட நடைமுறைகள் அதற்குப் பிறகு என்று 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பிறகும் பல ஆண்டுகள், ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவு போட்டாயிற்றா, போலீஸ் வந்ததா, முன்பணம் யார் கட்டுவது என்ற கேள்விகள் வாசலில் நின்றன. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் அந்தக் கேள்விகளில் ஒன்றை எடுத்துவிட்டது. விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால், அடிபட்டவர் எந்த ஊர்க்காரர் என்று பாராமல், முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கிறது. தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். தொடங்கியபோது உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். அவசரப் பிரிவில் வந்தவரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துச் சிவப்பை முதலில் பார்க்கும் டிரையாஜ் முறையும் இதோடு சேர்ந்து பரவியது. ஓ.பி. சீட்டு வாங்கி வந்த பிறகுதான் பார்ப்போம் என்று அவசரப் பிரிவில் சொல்லும் வழக்கம் எங்காவது மிச்சமிருந்தால், அது நாளையே ஒழிய வேண்டும்.

புறநோயாளிப் பிரிவில் உயிர் போகாது, கூலி போகும். முதல் பஸ் பிடித்து வெறும் வயிற்றோடு வரும் சர்க்கரை நோயாளி சீட்டு வரிசையில் நிற்கிறார், டாக்டர் வரிசையில் நிற்கிறார், லேப் வரிசையில் நிற்கிறார். ரிசல்ட் நாளைக்கு. நாளை மறுபடி பஸ், மறுபடி வரிசை, மாத்திரைக்கு இன்னொரு வரிசை. இரண்டு நாள் கூலி இழந்தவர் அடுத்த மாதம் வரமாட்டார். ஆறு மாதம் கழித்துக் கால் புண்ணோடு வருவார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. அதன் பெரிய நன்மைகளில் ஒன்று, மாத்திரை மட்டும் வாங்க வேண்டியவர் வரிசையிலிருந்து விலகுகிறார் என்பது. அப்படி மிச்சமாகும் நேரத்தை லேப் ரிசல்ட்டை அன்றே கொடுப்பதற்குப் பயன்படுத்த வேண்டும்.

நேரத்தை மதிப்பது என்றால் என்ன என்று பார்க்க விரும்புபவர்கள் மதுரைக்குப் போகலாம். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அங்கே அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை முடியும்போது அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார். மருத்துவர் திரும்பினால் போதும். பரிசோதனையும் தயார்ப்படுத்தலும் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பு. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள். மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலையை மட்டும் மருத்துவர் செய்கிறார். அரசு மருத்துவமனையில் நிபுணர்கள் குறைவு என்று சொல்கிற நாம், இருக்கிற நிபுணரின் நேரத்தைச் சான்றிதழ் எழுதவும் படிவம் நிரப்பவும் செலவழிக்கிறோம்.

நேரத்தை அளப்பதில் ஓர் ஆபத்து உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து அனுப்பப்பட வேண்டும் என்று இங்கிலாந்தில் இலக்கு வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் 2005க்கும் 2009க்கும் இடையில் நிர்வாகம் இலக்கையும் நிதிநிலையையும் துரத்தியது. செவிலியர் எண்ணிக்கை குறைந்தது. வார்டில் நோயாளிகள் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் ஆளின்றித் தவித்தார்கள். அவசரப் பிரிவின் காத்திருப்பு நேரங்கள் பொய்யாக எழுதப்பட்டதாகவும் விசாரணையில் சாட்சியம் வந்தது. அந்த விசாரணைக்குத் தலைமை தாங்கிய ராபர்ட் பிரான்சிஸ் 2013 பிப்ரவரியில் அளித்த அறிக்கையில் 290 பரிந்துரைகள் இருந்தன. அங்கே இறந்த நோயாளிகளின் உறவினர்கள் விடாமல் போராடியதால்தான் அந்த விசாரணையே நடந்தது. எண்ணை மட்டும் மேலே அனுப்பினால் எண் நன்றாக இருக்கும். நோயாளியின் குடும்பத்தாரும் அதே அறையில் உட்கார்ந்து பேசினால்தான் எண்ணின் உண்மை தெரியும். பேறுகால மரணத் தணிக்கையில் குடும்பத்தாரைக் கூப்பிட்ட நம் முன்னோடிகள் இதைப் புரிந்திருந்தார்கள்.

இதையெல்லாம் யார் செய்வது? நம் மருத்துவமனைகளில் மூத்த மருத்துவர் ஒருவர் பதவி மூப்பின்படி கண்காணிப்பாளராகவோ டீனாகவோ ஆகிறார். நேற்று வரை தலைசிறந்த அறுவை மருத்துவர். இன்று ஒப்பந்தம், துப்புரவு, மின்சாரம், வழக்கு, கேண்டீன் எல்லாம் அவர் மேசையில். பயிற்சி கிடையாது. பழகுவதற்குள் ஓய்வு வந்துவிடும். ஆர்.எம்.ஓ. என்ற உறைவிட மருத்துவ அலுவலரின் நிலையும் இதேதான். வாசலில் நோயாளியை முதலில் சந்திக்கிற காவலாளியும், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவரும், துப்புரவாளரும் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலியில் இருக்கிறார்கள். குழந்தை பிறந்த செய்தியைச் சொல்லக்கூட ஏழைகளிடம் கை நீட்டுகிறார்கள் என்று கோபப்படுகிறோம். கோபம் நியாயமானது; வாங்குபவர் தண்டிக்கப்பட வேண்டும். கூடவே, அந்த ஒப்பந்தக்காரர் அவர்களுக்கு ஒழுங்காகக் கூலி கொடுக்கிறாரா என்று மாதந்தோறும் பார்ப்பதும் கண்காணிப்பாளரின் வேலை.

நிர்வாகத்துக்கென்றே மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதற்கு முன்னுதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். 1939இல் சென்னை மாகாணம் பொது சுகாதாரச் சட்டம் இயற்றியது; இந்தியாவில் அத்தகைய முதல் சட்டம் அது. பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகம், தனிப் படிப்பு படித்த தனி அலுவலர் பிரிவு என்று நாம் வைத்துக்கொண்டோம். சிகிச்சை பார்க்கும் மருத்துவரும் நோய்த்தடுப்பை நிர்வகிக்கும் மருத்துவரும் வேறு வேறு பயிற்சி பெற வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டோம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலோர முகாம்களில் கொள்ளைநோய் பரவாமல் தடுத்தது அந்த அலுவலர் பிரிவுதான். அதேபோல் மருத்துவமனை நிர்வாகத்துக்கும் ஒரு பிரிவு வேண்டும். விருப்பமுள்ள மருத்துவர்களையும் மூத்த செவிலியர்களையும் நாற்பது வயதுக்குள் தேர்ந்தெடுத்து ஓராண்டு பயிற்சி தந்து, ஒரே மருத்துவமனையில் குறைந்தது ஐந்து ஆண்டு இருக்க விட வேண்டும். செவிலியர்களை நான் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வார்டில் நேரம் எங்கே கசிகிறது என்று அவர்களைவிட நன்றாக அறிந்தவர் மருத்துவமனையில் இல்லை. இன்றுவரை யாரும் அவர்களைக் கேட்டதும் இல்லை.

அந்தப் பிரிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அவசரப் பிரிவிலும் பிரசவ வார்டிலும் ஒரு பதிவேடு வைக்கலாம். சிவப்பு நோயாளிகளுக்கு மட்டும் நான்கு நேரங்களை எழுதினால் போதும்: வாசலில் வந்தது, முதலில் ஒருவர் பார்த்தது, என்ன செய்வதென்று முடிவெடுத்தது, அதைச் செய்யத் தொடங்கியது. மாதம் ஒருமுறை, அந்தப் பதிவேட்டில் மிக நீண்ட இடைவெளி உள்ள ஒரே ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு, டாக்டர், செவிலியர், லேப் தொழில்நுட்பர், வார்டு உதவியாளர், கணக்குப் பிரிவு எழுத்தர், நோயாளியின் குடும்பத்தார் எல்லோரும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். நேரம் எங்கே போயிற்று என்று மட்டும் பேச வேண்டும். அந்தக் கூட்டத்தில் சொன்னதை வைத்து யாருக்கும் மெமோ கொடுக்கக் கூடாது. இந்த உறுதியை மாவட்டத்தின் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் எழுத்தில் தர வேண்டும்.

ஆளே இல்லாதபோது பதிவேடு எதற்கு என்று கேட்பீர்கள். காலிப் பணியிடங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் வரும் சிவப்பு நோயாளிகள் காத்திருக்கும் நேரம் பகலைப் போல் இரண்டு மடங்கு என்று ஒரு மருத்துவமனை தன் பதிவேட்டிலிருந்து எடுத்துக் காட்டினால், இரவுப் பணிக்கு ஆள் கேட்டு எழுதும் கடிதத்துக்கு அதைவிட வலுவான இணைப்பு இருக்க முடியாது. சீமாங்க் மையங்களுக்கு மருத்துவர்கள் கிடைத்ததற்கும் இதுதான் வழியாக இருந்தது.

எந்த மாவட்டத் தலைமை மருத்துவமனையாவது முதலில் செய்ய முன்வந்தால் படிவத்தை நான் தயாரித்துத் தருகிறேன். பணி ஓய்வு பெற்ற செவிலியக் கண்காணிப்பாளர்கள் சிலர் வகுப்பெடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு இரவிலேயே வந்து எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த அறக்கட்டளை பதிவேடுகளை அச்சிட்டுத் தர முடியுமா என்று நிறுவனர் குடும்பத்தாரை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.